பக்கத்தில் உட்காரவைத்தால் போதுமா?

ஒரு கல்லூரி உணவுக்கூடம். தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே நுழைகிறீர்கள். உங்கள் தோழர்கள் யாரும் இன்னும் வரவில்லை. ஒரு மேசையில் உங்கள் விடுதியிலேயே தங்கியிருக்கும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியும், பெயர்கூடத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வேறு இனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மேசையில் காலி நாற்காலி இருக்கிறது. போய் உட்காருவீர்களா?

அமெரிக்க உளவியலாளர்கள் நிக்கோல் ஷெல்டனும் ஜெனிஃபர் ரிச்சசனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின மாணவர்களிடமும் கறுப்பின மாணவர்களிடமும் ஏறத்தாழ இதே நிலையை விவரித்துக் கேள்வி கேட்டார்கள். இரு தரப்பும் சொன்ன பதில் ஒன்றுபோலவே இருந்தது. நாங்கள் தயங்குவோம், எங்களை ஏற்காமல் போய்விடுவார்களோ என்ற பயம்தான் காரணம் என்றார்கள். சரி, அந்த மேசையில் இருப்பவர்கள் ஏன் உங்களை அழைக்கவில்லை? அவர்களுக்கு எங்களோடு பழக விருப்பம் இல்லை என்றார்கள். தன் தயக்கத்துக்குப் பயம் என்று பெயர் வைத்தவர்கள், எதிர்த் தரப்பின் அதே தயக்கத்துக்கு அலட்சியம் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்கு வலித்தது. இரண்டு பக்கமும் விருப்பம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஒருவரின் மௌனத்தை மற்றவர் மூடிய கதவாக எடுத்துக்கொள்கிறார். விலகி நிற்பதற்கு வெறுப்பு என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

சமூக வேறுபாடுகளைத் தாண்டி மனிதர்களை நெருங்கவைப்பது பற்றிய பேச்சு வந்தாலே நாம் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். மனம் விரிய வேண்டும், மனம் மாற வேண்டும் என்கிறோம். வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையில் நடந்துவரும் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. நல்ல மனம் படைத்தவர்களும் தவறான ஏற்பாட்டுக்குள் அகப்பட்டால் விலகித்தான் நிற்கிறார்கள். தயக்கமும் சந்தேகமும் நிறைந்தவர்களும் சரியான ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டால் மெல்ல மெல்லப் பழகிவிடுகிறார்கள். தமிழில் ஒருவரோடு பழகுகிறோம் என்றும் சொல்கிறோம், நீச்சல் பழகுகிறோம் என்றும் சொல்கிறோம். வினைச்சொல் ஒன்றுதான். கண்டு பேசுவது ஒரு நாளில் முடிந்துவிடும். பழகுவதற்கு இடம் வேண்டும், வேலை வேண்டும், திரும்பத் திரும்ப வரும் நாட்கள் வேண்டும்.

கோடு எவ்வளவு சுலபமாக விழுகிறது

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார், ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார், போர்க்கைதியாக இருந்து உயிர் தப்பினார். போர் முடிந்து வெளியே வந்தபோது அவருடைய குடும்பத்தினர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை அயலாகப் பார்க்கத் தொடங்குவது எப்படி என்பது அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்த கேள்வி இல்லை. பின்னாளில் பிரிட்டனில் உளவியல் பேராசிரியராக இருந்தபோது, அந்தப் பார்வை பிறக்க ஆகக் குறைந்தபட்சம் என்ன தேவை என்று தேடினார்.

பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை அழைத்து, பால் க்ளீ, வசிலி காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியே, நீ இந்தக் குழு என்று சொன்னார்கள். உண்மையில் குழுக்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டவை. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று எந்த மாணவனுக்கும் தெரியாது. பழைய பகை கிடையாது, ஒருவரோடொருவர் பேசவும் இல்லை. மற்ற இருவருக்கிடையே ஒரு சிறு தொகையைப் பங்கிடச் சொன்னபோது, அதில் தனக்கு எந்த ஆதாயமும் இல்லாவிட்டாலும், மாணவர்கள் தங்கள் குழுக்காரனுக்குக் கூட்டிக்கொடுத்தார்கள். இதையாவது புரிந்துகொள்ளலாம். தன் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்ற கணக்கையும் அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கோடு இவ்வளவு மெல்லியதிலிருந்தே விழும் என்றால், அதைத் தாண்டவைப்பது எப்படி? 1954 கோடையில் முசாஃபர் ஷெரீஃப்பும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் சிறுவர் முகாம் ஒன்றை நடத்தினார்கள். 22 சிறுவர்கள், எல்லோருக்கும் 11 வயதுக்கு முன்பின். ஒரே இனம், ஒரே மதப்பிரிவு, ஒத்த குடும்பச் சூழல். இரண்டு குழுக்களாகப் பிரித்துச் சில நாட்கள் தனித்தனியே வைத்தார்கள். பிறகு பரிசுப் போட்டிகள் தொடங்கின. வெகுசீக்கிரத்தில் ஒரு குழுவின் கொடியை மற்றொரு குழு எரித்தது. தங்கும் குடில்களுக்குள் புகுந்து பொருட்களை வாரியிறைத்தார்கள்.

அடுத்து, இரு குழுவையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்தார்கள். சேர்ந்து படம் பார்த்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். பகை தணியவில்லை. ஏசிக்கொண்டார்கள், சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். இன்றைக்கும் நல்லிணக்கக் கூட்டம் என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தோடு நின்றுவிடுகிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஷெரீஃப் நிற்கவில்லை. முகாமின் தண்ணீர் வரத்து தடைபடும்படி ஆய்வாளர்களே ஏற்பாடு செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க முடியும். இன்னொரு நாள், சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. சில நாட்களுக்கு முன்னர் எதிரெதிரே நின்று இழுத்த வடக்கயிறு அங்கே இருந்தது. அதே கயிற்றை லாரியில் கட்டி, இரண்டு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படி ஒன்று மாற்றி ஒன்றாகப் பொதுவேலைகள் வந்துகொண்டே இருந்தன. முகாம் முடிந்தபோது ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரீஃப் இதே போன்ற முகாமை நடத்தி அது பாதியில் நின்றுபோனது. அங்கே சிறுவர்கள் பிரிக்கப்படுவதற்கு முன்பே ஒருவரோடொருவர் பழகியிருந்தார்கள். பிரித்த பிறகு மூட்டிவிடப் பார்த்தும் அவர்கள் சண்டையிடவில்லை. சந்தேகம் பெரியவர்கள் பக்கம் திரும்பியது. குழந்தைகளுக்குச் சொல்லாமல் அவர்களை வைத்து இப்படிச் சோதித்தது சரியா என்ற விமர்சனம் வலுவானது, நானும் அதன் பக்கம்தான். ஆனாலும் தோற்றுப்போன அந்த முகாமைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முதலில் பழகியவர்களைப் பிறகு பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தெரிந்துகொள்வதைவிடப் பயம் தெளிவது

அதே 1954இல் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இந்தத் துறையின் அடிப்படைக் கருத்தை எழுதினார். இரு தரப்பும் சந்திப்பதால் மட்டும் தப்பெண்ணம் கரையாது. சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் சமநிலை வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், அதை ஒத்துழைத்து அடையும்படி இருக்க வேண்டும், சட்டமோ நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ அந்தச் சந்திப்பை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். 'சந்திக்கும் இடத்தில் சமநிலை' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டில் பத்தாண்டுகள் வேலை செய்பவரும் அந்த வீட்டு உரிமையாளரும் தினமும் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் எப்போதும் சொல்பவர், மற்றவர் எப்போதும் செய்பவர். அந்த உறவில் எவ்வளவு அன்பு இருந்தாலும், உரிமையாளருக்கு வேலை செய்பவரின் குலத்தைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ இருக்கும் எண்ணம் அசையாமல் அப்படியே இருக்கக்கூடும்.

2006இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 38 நாடுகளில் நடந்த 515 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். பழக்கம் கூடக்கூடத் தப்பெண்ணம் குறைகிறது என்பது பெரும்பாலான ஆய்வுகளில் தெரிந்தது. ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இல்லாத இடத்திலும் ஓரளவு பலன் இருந்தது, அவை இருந்த இடத்தில் பலன் கூடியது.

அதே இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது என்பேன். பழகும்போது உள்ளே எது நடப்பதால் தப்பெண்ணம் குறைகிறது என்று பார்த்தார்கள். மற்றவரைப் பற்றிய அறிவு கூடுவதா, மற்றவர் முன்னிலையில் ஏற்படும் பதற்றம் குறைவதா, அவர் நிலையில் தன்னை வைத்து உணர்வதா? மூன்றுக்கும் பங்கு இருந்தது. ஆனால் அறிவின் பங்குதான் மிகக் குறைவு. பதற்றம் தெளிவதும் பரிவு பிறப்பதும் அதைவிட வலுவாக வேலை செய்தன. நாமோ பணத்தையும் நேரத்தையும் அறிவின் பக்கமே கொட்டுகிறோம். மற்றவர்களின் பண்டிகைகள் பற்றிய கண்காட்சி, வரலாறு பற்றிய சொற்பொழிவு, துண்டறிக்கை. அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு நிறையத் தெரிந்திருக்கும். பக்கத்து மேசைக்குப் போய் உட்காரும்போது கை நடுங்குவது மட்டும் நிற்காது.

பதற்றம் எப்படித் தெளிகிறது என்பதை ஒரு வகுப்பறையில் பார்க்கலாம். 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்துவந்த வெள்ளையின, கறுப்பின, மெக்சிக வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். அடிதடி தொடங்கியது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை உதவிக்கு அழைத்தார்கள். அவர் முதலில் செய்தது, வகுப்புகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பத்துக் கைகள் உயர்கின்றன. ஒருவரை அழைத்தவுடன் மற்ற ஒன்பது முகங்களும் வாடுகின்றன. அவன் தவறாகச் சொன்னால் அந்த முகங்கள் மலர்கின்றன. இது இன வேறுபாடு வருவதற்கு முன்பே அந்த வகுப்பில் இருந்த ஏற்பாடு. பக்கத்தில் இருப்பவன் தோற்றால்தான் எனக்கு வாய்ப்பு.

ஆரன்சன் குழந்தைகளுக்குச் சகோதரத்துவம் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. பாடத்தைத் துண்டாக்கினார். ஆறு பேர் கொண்ட கலப்புக் குழு. ஒருவரின் வாழ்க்கை வரலாறு ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஆளுக்கு ஒரு பகுதி தரப்பட்டது. அடுத்தவர் கையில் இருக்கும் பகுதியைப் படிக்கும் வழி வேறு எதுவும் கிடையாது, அவர் வாயிலிருந்து கேட்டாக வேண்டும். கடைசியில் தேர்வு எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும்.

ஒரு குழுவில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத சிறுவன் ஒருவன் இருந்தான். தன் பகுதியைச் சொல்லத் தொடங்கியபோது திக்கினான், தடுமாறினான். மற்றவர்கள் வழக்கம்போல் கேலி செய்தார்கள். அங்கே இருந்த உதவியாளர் கடிந்துகொள்ளவில்லை. அவனைக் கேலி செய்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் இன்னும் சற்று நேரத்தில் வரப்போகும் தேர்வில் அவன் பகுதியைப் பற்றிக் கேட்டால் அது உங்களுக்கு உதவாது என்ற பொருளில் மட்டும் சொன்னார். சில நாட்களில் அந்தக் குழந்தைகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கேலி செய்தால் அவன் வாய் மூடிக்கொள்கிறது, கேள்வி கேட்டால் திறக்கிறது. நல்ல கேள்விகளாகக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவன் தெளிவாகப் பேசினான். அவன் தெளிவாகப் பேசப் பேச, நாம் நினைத்ததுபோல் இவன் மந்தம் இல்லையே என்று அவர்களுக்குப் பட்டது. அவனுக்கும் வகுப்பு பிடிக்கத் தொடங்கியது. பாசம் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது தேவை.

எதிரணியா, ஒரே அணியா

விளையாட்டு எல்லோரையும் இணைக்கும் என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். எப்படி விளையாடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று மேட் லோ என்ற பொருளாதார அறிஞர் காட்டினார். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்து, ஒரு மாதம் நீளும் கிரிக்கெட் போட்டிகளை நடத்தினார். சில அணிகள் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வில், பிற சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குப் பிற சாதியில் நண்பர்கள் கூடினார்கள். பிற சாதியினரை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களுக்குப் பலன் தலைகீழாக இருந்தது. மைதானமும் ஆட்டமும் ஒன்றுதான். நிற்கும் பக்கம்தான் வேறு.

2020இல் சல்மா மூசா வெளியிட்ட ஆய்வு ஈராக்கின் வடபகுதியில் நடந்தது. ஐஎஸ் அமைப்பின் தாக்குதலால் வீடிழந்த கிறித்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்கள் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிம் சகவீரர்களோடு ஆடிய கிறித்தவர்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்வது கூடுதலாக இருந்தது. அடுத்த பருவத்துக்கும் கலப்பு அணியில் பெயர் கொடுத்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, தெரியாத முஸ்லிம்களோடு கலந்து பழகும் விஷயத்தில் அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டை இழந்தவர்களிடம் ஒரு கால்பந்துப் பருவம் இதற்குமேல் கேட்க முடியாது. அதே சமயம், ஓர் இடத்தில் பழகிய பழக்கம் தானாக மற்ற இடங்களுக்குப் பரவிவிடும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது.

ஊகிப்பதும் கேட்பதும்

'அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்பது நமக்கெல்லாம் சிறு வயதிலிருந்து சொல்லப்பட்ட அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் அதனால் மற்றவரைச் சரியாகப் புரிந்துகொள்கிறோமா? தால் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி மூவரும் 25 சோதனைகளில் இதை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். மற்றவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும்படி சொல்லப்பட்டவர்களின் ஊகம், சொல்லப்படாதவர்களுடையதைவிடத் துல்லியமாக இல்லை. துல்லியம் கூடியது ஒரே வழியில்: அவரையே கேட்டபோது.

நம் கற்பனைக்கு ஓர் எல்லை உண்டு. அவர் இடத்தில் நம்மை வைக்கும்போது நம் அச்சங்களையும் நம் அனுபவங்களையும் சேர்த்தே வைக்கிறோம். சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவர், அதில் இருபது ஆண்டுகளாக வாழ்பவரின் நாளை அறிந்துவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோகிறார். திடீரென்று நடக்க முடியாமல் போன தன்னைத்தான் அவர் கண்டிருக்கிறார்.

புரியாமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்பது நெடுநாள் கருத்து. தாமும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார். புரியாமை இரு தரப்புக்கும் நடுவே இருக்கிறது, ஒருவர் தலையில் மட்டும் அதை ஏற்றுவது தவறு என்றார். கேத்தரின் கிராம்ப்டனும் சக ஆய்வாளர்களும் 2020இல் இதைச் சோதித்தார்கள். எட்டு எட்டுப் பேராகச் சங்கிலி அமைத்து, ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும் கதை ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தப்பித்து வந்தது. இருவரும் மாறி மாறி நின்ற சங்கிலியில்தான் அதிகமாகச் சிதைந்தது. இத்தனை காலம் ஒரு தரப்பின் குறை என்று எழுதி வைத்தது, இரண்டு தரப்புக்கு இடையே உள்ள இடைவெளியாக மாறிவிடுகிறது. வேறு எத்தனை இடங்களில் இப்படி ஒரு தரப்பின்மேல் பழி போட்டிருக்கிறோம் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? அமெரிக்காவின் மியாமி பகுதியில் 2015இல் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் பற்றிப் பேசுவது நோக்கம். கதவு திறந்ததும் அவர்கள் வாதத்தைத் தொடங்கவில்லை. உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள், வந்த பதிலுக்கு முகம் சுளிக்காமல் ஏன் என்று கேட்டார்கள். பிறகு, மற்றவர்களிலிருந்து நீங்கள் வேறுபட்டிருந்ததால் யாராவது உங்களை இழிவாக நடத்தியது உண்டா என்று கேட்டார்கள். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரிடம், வீட்டுக்காரர் தன் காயத்தைச் சொல்கிறார். வந்தவரும் தன் காயத்தைச் சொல்கிறார். பத்து நிமிடப் பேச்சு. டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் இதைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்தப் பேச்சின் விளைவு குறைந்தது மூன்று மாதம் நிலைத்திருந்தது.

இவர்கள் இருவரும்தான், இதே வகைப் பேச்சுக்குப் பெரும் பலன் உண்டு என்று முன்னர் வெளியான வேறொரு ஆய்வின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டுபிடித்து, 2015இல் அது திரும்பப் பெறப்படக் காரணமானவர்கள். தாங்கள் விரும்பிய முடிவையே முதலில் சந்தேகித்தவர்கள் என்பதால் அவர்கள் சொல்வதில் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. பின்னர் 2020இல் வெளியிட்ட சோதனைகளில், வாதங்களை மட்டும் எடுத்துவைத்த பேச்சுகளால் பலன் தெரியவில்லை என்றும், தீர்ப்புச் சொல்லாமல் அனுபவங்களைப் பரிமாறிக்கொண்ட பேச்சுகளே மாற்றத்தைத் தந்தன என்றும் கண்டார்கள்.

இணக்கத்தின் பெயரால் மறைவது

இதுவரை சொன்னதை வைத்து, எல்லோரையும் சிரிக்கவைத்து, ஒன்றாக வேலை செய்யவைத்து, வேறுபாட்டைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும் என்ற முடிவுக்கு யாராவது வந்தால் அது ஆபத்து. டமர் சாகியும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அந்த ஆபத்தைக் காட்டுகிறது. அதிகாரம் கூடுதலாக உள்ள குழு, குறைவாக உள்ள குழு என இரண்டை உருவாக்கி, சிலரிடம் பொதுவானவற்றை மட்டும் பேசச் சொன்னார்கள். பேச்சு இனிமையாக நடந்தது. அதிகாரம் குறைந்தவர்கள், இவ்வளவு நன்றாகப் பேசியவர்கள் நமக்கு நியாயமாகப் பங்கிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பங்கிடும் நேரம் வந்தபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. இனிமை ஒரு தரப்பின் எச்சரிக்கையைத் தளர்த்தியது, மற்றத் தரப்பின் கையைத் தளர்த்தவில்லை.

ஆகவே, சமமாக இல்லாதவர்கள் சந்திக்கும்போது இரு தரப்புக்கும் ஒரே வேலையைத் தருவது நியாயமாகாது. 2012இல் எமில் புரூனோவும் ரெபெக்கா சாக்ஸும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழியைக் காட்டியது. இஸ்ரேலியர்-பாலஸ்தீனியர், அரிசோனாவின் வெள்ளையினத்தவர்-மெக்சிகோவிலிருந்து குடியேறியவர் என இரண்டு இணைகள். ஒருவர் தன் தரப்பின் துன்பங்களைச் சொல்கிறார், மற்றவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறார். வலுவான தரப்புக்கு, கேட்டுத் திருப்பிச் சொன்னபோது மனம் இளகியது. வலுக்குறைந்த தரப்புக்கு, தான் பேசித் தன் பேச்சு கேட்கப்பட்டபோது இளகியது. வாழ்நாள் முழுக்க மேலே இருப்பவரின் பார்வையை அறிந்துகொண்டுதான் ஒருவர் பிழைத்திருக்கிறார் என்றால், அவரிடம் இன்னும் கொஞ்சம் அவர்களைப் புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அவர் கேட்டுக் கேட்டுக் களைத்தவர். அவருக்கு வேண்டியது கேட்கும் காது.

ஒரு கூட்டத்தில் சிறுபான்மையினர் ஒருவரே இருக்கும்போது, அவரை எழுப்பி, உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதும் இதே தவறுதான். அவர் தனக்காகப் பேச வந்தவர். ஒரு சமூகத்தையே தோளில் சுமந்து பதில் சொல்ல வந்தவர் இல்லை. 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய 'மனித நூலகம்' இதைக் கவனமாகக் கையாள்கிறது. அங்கே மனிதர்களே 'புத்தகங்கள்', வாசகர் அவர்கள் எதிரே உட்கார்ந்து பேசுகிறார். புத்தகமாக உட்காருபவர்கள் தாமாக முன்வந்தவர்கள். வாசகர் கேள்வி கேட்கலாம், விருப்பமில்லாத கேள்விக்குப் புத்தகம் பதில் சொல்லாமல் இருக்கலாம்.

இடம், அளவு, வழக்கம்

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2022இல், அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் 2,100 கோடி நட்புகளை ஆராய்ந்தார்கள். வசதி குறைந்தவர்களுக்கும் வசதி மிக்கவர்களுக்கும் இடையே நட்பு அரிதாக இருப்பதற்குக் காரணம் என்ன? ஏறத்தாழ பாதி, அவர்கள் ஒரே பள்ளியிலோ ஒரே குடியிருப்பிலோ இல்லை என்பது. மறுபாதி, ஒரே இடத்தில் இருந்தும் தங்கள் வகையினரோடே சேர்ந்துகொள்வது. பெரிய பள்ளிகளில் இந்த இரண்டாவது போக்கு கூடுதலாக இருந்தது. ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் தன்னைப் போன்ற பத்துப் பேரைத் தேடிக்கொள்வது எளிது, முப்பது பேர் இருக்கும் இடத்தில் அது முடியாது. கலப்புப் பள்ளி திறந்தாயிற்று, கலப்புக் குடியிருப்பு கட்டியாயிற்று என்று நிம்மதி அடைபவர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள்.

மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஒரு சான்று இருக்கிறது. இனப்படுகொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே நல்லிணக்கம் பற்றிய வானொலி நாடகம் ஒன்று ஒலிபரப்பானது. எலிசபெத் லெவி பாலக் ஓராண்டு அதைக் கேட்ட குழுக்களையும், உடல்நலம் பற்றிய நாடகத்தைக் கேட்ட குழுக்களையும் ஒப்பிட்டு 2009இல் எழுதினார். மக்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆனால் தங்கள் ஊரில் எப்படி நடந்துகொள்வது வழக்கம் என்ற எண்ணம் மாறியிருந்தது, நடத்தையும் மாறியிருந்தது. ஆண்டு முடிவில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கேசட் ரேடியோ பரிசாகத் தரப்பட்டது. உடல்நல நாடகம் கேட்டவர்கள் அதை உள்ளூர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட முனைந்தார்கள். நல்லிணக்க நாடகம் கேட்டவர்கள், எல்லோருமாகப் பொறுப்பேற்றுப் பயன்படுத்துவோம் என்று தங்களுக்குள் விவாதித்தார்கள்.

இப்படி ஒரு சந்திப்பை நடத்தப்போகிறோம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பேச்சாளர் யார் என்று நான் கேட்பதில்லை. எத்தனை பேர் வருகிறார்கள், இரு தரப்பும் சேர்ந்து செய்ய என்ன வேலை இருக்கிறது, மைக் யார் கையில் இருக்கும், எந்தத் தரப்புக்கு இடம் தொலைவு என்று கேட்கிறேன். பிறகு, அடுத்த சந்திப்பு எப்போது என்று கேட்கிறேன். பெரும்பாலும் அதற்குத்தான் பதில் இருப்பதில்லை. கலையும் முன்பு வந்தவர்களே அந்தத் தேதியைக் குறிக்கட்டும். நாற்காலி போடுவதையும் வண்டி வசதி இல்லாதவர்களை அழைத்துவருவதையும் இரு தரப்பிலிருந்தும் ஒருவர் ஒருவராகச் சேர்ந்து செய்யட்டும். முதல் முறை வந்து இரண்டாம் முறை வராமல் போனவர் என்று ஒருவராவது இருப்பார். அவருக்கு விருப்பம் இல்லை என்று முடிவு கட்டாமல், மற்றத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஏன் வரவில்லை என்று விசாரிக்கட்டும்.